எச்சில் மழை

மழை பொய்த்து மழை பொய்த்து, புழுதியேந்தல் ஆடுகள்கூட மேய்வதை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கப் பழகிப்போன ஒரு சித்திரை மாதத்தில், காலனிக்காரன் வியாகுலம் வாய்க்கால் பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, வேட்டி மடியிலிருந்து ட்ரம்பெட்டின் மவுத்பீஸை மட்டும் எடுத்து, உதட்டில் பொருத்தி, ப்ர்ர்ர்ர் என்று அடித்தான், மழை பெய்தது.

இதில் ஊர் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கைக்குழந்தை உதட்டைக் குவித்து எச்சில் தெறிக்க ப்ர்ர்ர் என்று விளையாடினால் மழை வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. துணி காயப்போட்டிருக்கிற தாய்மார்கள் பிள்ளையின் வாயைப் பொத்தி உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள். பல் முளைக்காத பயல் செய்தாலே மழை வருமென்றால் மீசை நரைத்தவன் செய்தால் வராமல் எங்கே போகும்? அதே சுவரில் அதே ப்ர்ர்ர் சத்தத்தை அவன் வருடக்கணக்காக எழுப்பிக்கொண்டிருந்தானே, அப்போதெல்லாம் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் பதில் சொல்ல ஆளில்லை. ஊரை உறுத்தியது வேறொன்று. மழை மேலேயிருந்து வந்தது, அது முறைதான்; ஆனால் காலனியிலிருந்து கிளம்பியல்லவா மேலே போயிருக்கிறது.

வியாகுலம் சம்மனசு பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவன். அவன் பிறந்தபோது பங்குச்சாமியார் மாதாவின் வியாகுலங்களில் ஒன்றை எடுத்துப் பெயராக வைத்தார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. கல்யாணம், சடங்கு, சாவு, எந்தக் கொடியானாலும் கட்சி ஊர்வலம் என்று சுற்றுவட்டாரத்தில் அவன் ஊதாத விசேஷம் கிடையாது. மணமேடைக்கு எவ்வளவு தூரத்தில் நின்று ஊத வேண்டும், பந்தி எல்லாம் முடிந்தபிறகு எந்த வாசல் வழியாகப் போய்ச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு ராகத்தைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததை அவன் மறந்ததில்லை. அவனுக்கு அடக்கம் என்பது கிடையாது. ஜில்லாவில் தன்னைப்போல் மேல்சுருதியைப் பிடித்து நிறுத்த இன்னொரு உதடு இல்லை என்று அவனே சொல்லுவான், யாரும் கேட்காதபோதும் சொல்லுவான்.

அந்த உதட்டைக் காலையில் எழுப்புவதற்கு ஒரு முறை உண்டு. செத்துப்போன பேண்டு மாஸ்டர் ராணுவத்தில் ஊதிவிட்டு வந்தவர், வாய் சூடாகாமல் வாத்தியத்தைத் தொடுகிறவனைப் பிரம்பால் அடிப்பார். முதலில் வெறும் உதடு. கன்னம் உப்பக் கூடாது. வாயோரம் இரண்டும் தைத்த சாக்குமூட்டைபோல் இறுகியிருக்க வேண்டும், நடுவுதடு கன்றுக்குட்டியின் உதடுபோல் தளர்ந்து துடிக்க வேண்டும். பிறகு மவுத்பீஸ். அதை இரண்டே விரலால் பிடிக்க வேண்டும், முழுக்கையால் பிடித்தால் பல்லில் வைத்து அழுத்தத் தோன்றும், அழுத்தினால் உதட்டில் ரத்தம் நிற்கும், ரத்தம் நின்றால் சத்தம் சாகும். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, கீழ்ச்சுருதியில் ஒரே சத்தத்தைச் சாகவிடாமல் நீட்டிக்கொண்டே போக வேண்டும். அப்புறம் மலையேறும் லாரிபோல் கீழிருந்து மேலே இழுத்து, மேலிருந்து கீழே விட வேண்டும். அப்புறம் நாக்கால் த த த என்று வெட்ட வேண்டும். கடைசியில் குதிரை செய்வதுபோல் உதட்டை உதறிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் ட்ரம்பெட். பாலத்தைக் கடந்து போகிற மேலத்தெருக்காரர்கள் வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லையா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அது அவர்களுக்குக் காலை வேளை தமாஷ்.

மழை வந்தபிறகு தமாஷ் நின்றது, ஆராய்ச்சி தொடங்கியது. வெறும் உதட்டை அடித்தால் தூறல் என்றும், மவுத்பீஸில் கீழ்ச்சுருதியை நீட்டினால் வேர் நனைய நின்று பெய்கிற மழை என்றும், ஏற்றி இறக்கினால் சாரல் மேற்கேயும் கிழக்கேயும் சாய்ந்து அடிக்கும் என்றும், நாக்கால் வெட்டினால் ஆலங்கட்டி என்றும், கோபத்தில் பல்லோடு அழுத்திவிட்டானென்றால் வெறும் இடி மட்டும் என்றும் ஊர் கண்டுபிடித்தது. இன்னொன்றையும் கண்டுபிடித்தது. மவுத்பீஸை ட்ரம்பெட்டில் செருகி முழு வாத்தியமாக அவன் ஊதத் தொடங்கினால் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆகவே அவன் வாத்தியம் யாருக்கும் வேண்டாம், அவன் வாய் சூடாகிற சத்தம் மட்டும் போதும் என்றாயிற்று. கலைஞனை இதைவிட நன்றாக அவமானப்படுத்த ஒரு கமிட்டி போட்டு யோசித்தாலும் முடியாது.

கமிட்டியும் போட்டார்கள். சாவடியில் ஊர்க்கூட்டம் கூடியது. பெரியதனம் வைத்தியலிங்கம், அதாவது ஊரின் தலைவர், நடுவில் உட்கார்ந்தார். பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான்: எச்சில். டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊர் அது; தன் பிள்ளை பங்கிடுகிற மாங்காயைக்கூடத் துணியில் சுற்றிக் கடித்துக் கொடுக்கச் சொல்லுகிற வீடுகள் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரின் தலையில், காலனிக்காரன் வாயிலிருந்து தெறித்த ஒன்று, கிணறு கிணறாகக் கொட்டுகிறது. குடிக்கலாமா கூடாதா? அம்மன் அபிஷேகத்துக்கு எடுக்கலாமா? பூசாரி கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அவருக்கும் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. மேகம் வரைக்கும் போய்த் திரும்பியது எதுவானாலும் சுத்தம் என்று அவருக்கு உத்தரவு வந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது. வியாகுலத்தின் எச்சில் கோயிலுக்குள் போகலாம், வியாகுலம்தான் போகக் கூடாது என்பதில் எல்லோருக்கும் தெளிவு ஏற்பட்டது.

அவனுக்கு ஒரு பொன்னாடை போர்த்துவதென்றும் முடிவாயிற்று. போர்த்துவதற்குக் கை கிடைக்கவில்லை. கடைசியில் துண்டை ஊருணிக் கரை வேப்பங்கிளையில் போட்டுவிட்டு, எடுத்துக்கொள் என்று தூரத்தில் நின்று கைதட்டினார்கள். அவன் எடுத்து உதறி, சைக்கிள் சீட்டைத் துடைத்துப் பார்த்து, துணி நல்ல துணிதான் என்றான்.

இடமும் அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். ஊருணியில்தான் தண்ணீர் சேர வேண்டும் என்பதால் ஊருணிக் கரையில் உட்கார வேண்டும். ஆனால் கரையின் வெளிச்சரிவில், ஊருணிக்கு முதுகைக் காட்டி, காலனியைப் பார்த்து உட்கார வேண்டும், தெறிக்கிறது தெறித்தால் அந்தப் பக்கம் தெறிக்கட்டும். விடிந்ததும் அவன் வந்து உட்கார்ந்தான். டீக்கடையில் டீ சொல்லுவதுபோல் ஆளாளுக்கு வந்து மழை சொன்னார்கள். மிளகாய்த் தோட்டத்துக்காரர் சாரல் கேட்டார், கிணறு வற்றியவர் நின்று பெய்கிறது கேட்டார், செங்கல் சூளைக்காரர் தன் பக்கம் ஒரு சொட்டும் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார், பங்காளிச் சண்டையில் இருந்த ஒருவர் தன் அண்ணன் வயலுக்கு மட்டும் ஆலங்கட்டி கிடைக்குமா என்று காதோடு கேட்டார். வியாகுலம் இதையெல்லாம் ஒரு வித்வானின் கர்வத்தோடு செய்து கொடுத்தான், இவ்வளவு பேர் தன் உதட்டை உற்றுப் பார்க்கிறார்களே என்ற மயக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தான். ஊரோ, மழை பெய்தால் இன்றைக்கு மழை வந்திருக்கிறது என்று சொல்லிற்று. வரவைத்தவன் பெயரைச் சொல்லிற்றா என்றால் இல்லை.

ஊருணி நிறைந்தது. கல் படித்துறையின் பாதிப் படி தண்ணீருக்குள் போயிற்று. ஊர் உண்ணுவதற்கான தண்ணீர் என்பதால் அதற்கு ஊருணி என்று பெயர். காலனி ஊரில் சேர்த்தியில்லை என்பதால் காலனிப் பெண்கள் படியில் இறங்குவதில்லை; குடத்தோடு கரையில் நிற்பார்கள், மேலத்தெருப் பெண் யாராவது மனமிருந்தால் மொண்டு, தூக்கிப் பிடித்து, குடம் குடத்தில் படாமல் ஊற்றுவாள். மனமில்லாவிட்டால் காலனிக்கு அடிபம்பு இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பிள்ளைகளின் பல் மட்டும் மஞ்சளாக நன்றாக விளையும்.

ஊருணி ததும்பிய அன்று வியாகுலத்தின் பெண்டாட்டி சலேத் வெயிலேறும்வரை கரையில் நின்றாள். ஊற்ற வந்தவர்களுக்கு அன்று வேலை அதிகம். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். வெறுங்குடத்தோடு திரும்பி வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்தவன் முன்னால் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்தாய்யா, ஊருணியில கெடக்குறது யாரு எச்சி?”

அவன் மீசையைத் தடவிக்கொண்டு, “என்னோடதுதான், வேற எவனுக்கு வரும்?” என்றான்.

“ஒன் எச்சிய அவுக குடிக்கலாம், குளிக்கலாம், மாட்டக் கழுவலாம். ஒன்னையக் கட்டிக்கிட்டவ, நான் அதத் தொடக்கூடாது. நல்லாருக்குய்யா ஒன் ஊத்து.”

அவன் சோற்றைத் தள்ளி வைத்தான். அன்றைக்கே கையைக் கழுவிக்கொண்டு பெரியதனத்தின் வீட்டு வாசலுக்குப் போய், வாசலில் என்றால் வாசலுக்கு எதிரே இருக்கிற மின்கம்பத்தடியில் நின்று, படித்துறையைக் காலனிக்கும் விட வேண்டும் என்று கேட்டான். வைத்தியலிங்கம் கோபப்படவில்லை. அவர் சிரித்துப் பேசுகிற மனிதர், எதையும் மறுக்கும்போது இன்னும் இனிமையாகப் பேசுவார்.

“ஊருணின்னா என்னடா அர்த்தம்? ஊர் உண்ணுறது. நீங்க காலனி. காலனியுணின்னு ஒண்ணு வெட்டித் தரச் சொல்லி கவர்மெண்டுக்கு மனுப் போடுங்க. நானே எழுதித் தாரேன், எனக்குக் கையெழுத்து நல்லாருக்கும்.”

மறுநாள் விடிந்தபோது கரைச்சரிவில் வியாகுலம் இல்லை. மவுத்பீஸை சலேத்தின் அரிசிப்பானைக்குள் புதைத்துவிட்டு, வாயை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, காலனி முகப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டான். உலகத்தில் ஆலை நின்றிருக்கிறது, ரயில் நின்றிருக்கிறது, துறைமுகம் நின்றிருக்கிறது. உதடு நின்றது புழுதியேந்தலில்தான். கோரிக்கை ஒன்றே ஒன்று, அதையும் வாயைத் திறந்து சொல்ல மாட்டானென்பதால் சலேத் சொன்னாள்: படித்துறை எல்லோருக்கும். கேட்டு ஊர் சிரித்தது. பேண்டுக்காரனுக்கு வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும் என்று பந்தயம் கட்டினார்கள்.

வெயில் பந்தயம் கட்டவில்லை, அதுபாட்டுக்கு அடித்தது. ஊருணி படி படியாக இறங்கியது.

மாற்று ஏற்பாடுகளில் ஊர் இறங்கியது. முதலில் குழந்தைகள். மேலத்தெருக் கைக்குழந்தைகள் அத்தனையையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, ஊருணிக் கரையில் வரிசையாகப் பாயில் கிடத்தி, பெற்றவர்களும் பெரியவர்களும் குனிந்து நின்று ப்ர்ர்ர் என்று செய்து காட்டினார்கள். குழந்தைகள் அழுதன, தூங்கின, பாயை நனைத்தன. ஒன்றே ஒன்று மட்டும் உதட்டைக் குவித்து அடித்தது. அதன் பாய் அளவுக்கு ஒரு மழை பெய்து, அதற்குச் சளி பிடித்தது. அடுத்து, எவனோ முன்பு செல்போனில் பிடித்து வைத்திருந்த வியாகுலத்தின் சத்தத்தைக் கோயில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஒரு மின்னல் வந்து ஒலிபெருக்கியை மட்டும் குறிபார்த்து எரித்துவிட்டுப் போயிற்று. கடைசியாக, போலீஸ் பேண்டில் ஊதி ஓய்வு பெற்ற பரமானந்தம் என்பவரைக் கார் வைத்து அழைத்து வந்தார்கள். அவர் விறைப்பாக நின்று, கொஞ்சமும் பிசகாமல் மவுத்பீஸை அடித்தார். மேகம் வந்தது, ஊருணிக்கு மேலே அட்டென்ஷனில் நின்றது, கலைந்து போயிற்று.

அதற்குப் பிறகுதான் அடிப்பது என்ற பேச்சு வந்தது. வழக்கமாக அது முதலில் வரும். இந்தத் தடவை தாமதமானதற்குக் காரணம் உதடு. உதட்டுக்குச் சேதமில்லாமல் எங்கே அடிக்கலாம் என்று, விஷயம் தெரிந்தவராயிற்றே என்று பரமானந்தத்தையே கேட்டார்கள். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். பல்லில் அடித்தால் உதட்டுக்குப் பிடிமானம் போய்விடும். விலாவில் அடித்தால் மூச்சைப் பிடித்து நிறுத்த முடியாது. வயிறுதான் துருத்தி, அதைத் தொடவே கூடாது. முதுகில் அடித்தால் நிமிர மாட்டான், நிமிராதவன் சத்தம் நீளாது. கால் என்று ஒருவர் ஆசையோடு கேட்டார். ஊதுகிறவன் குதிகாலிலிருந்து ஊதுகிறான் என்று பரமானந்தம் சொல்லிவிட்டார். இப்படியாக, காலனி மனிதன் ஒருவனின் உடம்பில் எல்லா உறுப்புகளும் ஊருக்கு வேண்டியவை என்று புழுதியேந்தலில் முதல்முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

அடிக்க வழியில்லாததால் பேச வந்தார்கள். பெரியதனமே ஆளனுப்பினார். வியாகுலம் மட்டும் படித்துறையில் இறங்கலாம். அவன் வித்வான், வித்வானுக்கு விலக்கு உண்டு. ஊரறிய இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, ஊதட்டும். ஊருணித் தண்ணீரில் ஒரு காலனிக்காரன் கை பட ஊர் சம்மதிக்கிறது, இதைவிட என்ன வேண்டும்?

சம்மனசு பேண்டு செட்டின் டிரம்காரனும் கிளாரினெட்காரனும் ஒத்துக்கொள் என்றார்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு உன் சம்சாரம், மறுநாள் நாங்கள், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றார்கள். இந்தக் கொஞ்சம் கொஞ்சமாக என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் காலனியில் பாதிப்பேர் கிழவர்களானார்கள். வியாகுலத்துக்கும் அது தெரியும். ஆனால் வித்வான் என்ற சொல் அவன் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பந்தியில் கடைசி இலைகூடப் போடாத ஊர், அவனை வித்வான் என்கிறது. அவன் அரிசிப்பானைக்குள் கைவிட்டு மவுத்பீஸை எடுத்தபோது சலேத் தடுக்கவில்லை.

“போ. போயி நல்லா அள்ளிக் குடி,” என்றாள். “குடிச்சிட்டு வந்து என் பானைத் தண்ணியத் தொட்டுறாத. அது உப்புத் தண்ணி. வித்வானுக்கு ஆகாது.”

அவன் மவுத்பீஸை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தான். காலனி அவன் முதுகைப் பார்த்தது. விற்றுப்போன ஆளின் முதுகு எப்படியிருக்கும் என்று காலனிக்குத் தெரியும், முன்பு பல முதுகுகளைப் பார்த்திருக்கிறது.

ஊருணிக் கரை கொள்ளாத கூட்டம். மேலத்தெரு நிழலில் நின்றது, காலனி வெயிலில் தள்ளி நின்றது. இறங்கு, உனக்குத்தான் விலக்குக் கொடுத்தாயிற்றே என்று பெரியதனம் கையை நீட்டிக் காட்டினார். வியாகுலம் முதல் படியில் கால் வைத்தான். தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்ததால் நிறையப் படி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று அடுத்த படியைப் பார்த்தான், பார்த்து இறங்கினான். கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வாய்க்குள் விட்டான். கரையில் சிலர் கைதட்டத் தயாரானார்கள்.

அவன் விழுங்கவில்லை. வாய் நிறைய வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, கொப்பளித்தான். கீழ்ச்சுருதியில் தொடங்கி, நிதானமாக மேலே ஏற்றி, மேலே நிறுத்திப் பிடித்து, மறுபடி கீழே இறக்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி கொப்பளித்து, எழுந்து நின்று, நீளமாக, வளைவாக, வெயிலில் பளபளக்க, ஊருணிக்குள்ளேயே துப்பினான். மறுபடி குனிந்து அள்ளினான். மறுபடி கொப்பளித்தான். மறுபடி துப்பினான். அப்புறம் மவுத்பீஸை இரண்டு விரலால் எடுத்து உதட்டில் வைத்து, அடிவயிற்றிலிருந்து அந்த ஒற்றைச் சத்தத்தை நீட்டினான். இத்தனை நாள் தேங்கியிருந்த மழை அத்தனையும் மொத்தமாக வந்து இறங்கியது.

கம்போடு இறங்கிய வாலிபர்கள் பாதிப் படியில் நின்றுவிட்டார்கள், ஏனென்றால் தண்ணீர் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது, அவனை அடித்தால் அது நிற்கும். பெரியதனம் குடைக்குள்ளிருந்து கத்தினார். அவர் கத்தி ஊர் பார்த்ததில்லை.

“என்னடா காரியம் பண்ணுன?”

வியாகுலம் உதட்டிலிருந்து மவுத்பீஸை எடுத்தான். மழை தூறலாகக் குறைந்தது, அவன் சொல்லுவதைக் கேட்க வசதியாக.

“வாய் கொப்பளிச்சேன்யா. வாயில சோத்துப் பருக்கை இருந்தா மவுத்பீஸ் அடச்சிக்கிரும். பேண்டுக்காரன் எவனும் கொப்பளிக்காம ஊத மாட்டான்.”

“அதுக்கு ஊருணிக்குள்ளயா துப்புவ?”

“இத்தனை நாளும் வேற எங்கய்யா துப்புனேன்?”

பூசாரி மேகத்தைப் பார்த்தார். மேகம் இந்தத் தடவை அவருக்கு உதவவில்லை. இது மேலே போய்த் திரும்பி வந்த எச்சில் அல்ல, நேராக வந்தது, எல்லோரும் பார்த்தது.

சாவடியில் அன்று மாலை நடந்த கூட்டத்தைப்போல் ஒரு கூட்டத்தை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை. ஊருணியை இறைத்துக் காயப்போடலாம் என்றார் ஒருவர். அதுவரைக்கும் எதைக் குடிப்பது என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். கோமியம் விட்டுச் சுத்தம் செய்யலாம் என்றார் இன்னொருவர். அவ்வளவு கோமியத்துக்கு மாடுகளுக்கு முதலில் தண்ணீர் காட்ட வேண்டும், அந்தத் தண்ணீர் எது என்று கேட்டார்கள். தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. தீட்டு என்பது பெரிய விஷயம்தான், தாகம் அதற்குக் கொஞ்சம் மேலே. தொண்டை வறளப் பேசிப் பேசி, கடைசியில் பூசாரிக்கு மறுபடி உத்தரவு வந்தது: நிறைந்து நிற்கிற தண்ணீருக்கு எச்சில் இல்லை, தீட்டு இல்லை, யார் வாய் பட்டாலும் அது ஊருணிதான். ஊர் சந்தேகமில்லாமல் குடிக்க வேண்டும் என்பதற்காக அதை இரவல் ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மேலத்தெருக் குடங்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் நிரம்பிவிட்டன.

அந்த ஒலிபெருக்கி காலனிக்கும் கேட்டது. காது கேட்காமல் செய்ய இன்னும் ஒரு தீர்மானமும் போடவில்லையே.

காலையில் சலேத் குடத்தை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் காலனிப் பெண்கள் எடுத்தார்கள். முந்தின நாள் வியாகுலத்தின் முதுகைப் பார்த்தவர்கள் இப்போது அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு போனார்கள். படித்துறைத் தலைப்பில் நான்கைந்து வாலிபர்கள் கையை விரித்து மறித்தார்கள். சலேத் நிற்கவில்லை, அவர்களுக்குப் பக்கத்தில் வந்துதான் நின்றாள்.

“எச்சியே ஒட்டாத தண்ணின்னு நேத்து நீங்கதான சொல்லிக்கிட்டுப் போனீக? எச்சி ஒட்டாததுல எங்க கை எப்பிடித் தம்பி ஒட்டும்?”

வாலிபர்கள் திரும்பிப் பெரியதனத்தைப் பார்த்தார்கள். ஒட்டும் என்றால் அவரும் முந்தின இரவு குடித்தது வியாகுலத்தின் எச்சில். ஒட்டாது என்றால் வழிவிட வேண்டும். நல்ல கையெழுத்துக்காரரான வைத்தியலிங்கம் வானத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பெண்கள் இறங்கினார்கள்.

மேலத்தெருவில் வசதியான சில வீடுகள் அன்றிலிருந்து கேன் தண்ணீருக்கு மாறின. அந்தத் தண்ணீரை எந்த ஊரில், யார், எதிலிருந்து பிடித்தார்கள் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. நீல மூடி போட்டிருந்தது, மூடிக்குச் சாதி தெரியாது. வசதியில்லாத வீடுகள் ஊருணிக்கே வந்தன, முதலில் காலனிப் பெண்கள் ஏறிப் போகும்வரை காத்திருந்தார்கள், அது நேரமானதால் எதிர்ப்பக்கப் படியில் இறங்கினார்கள், அங்கே பாசி வழுக்கியதால் இந்தப் பக்கமே வந்தார்கள். ஊர் இப்படித்தான் திருந்துகிறது, வழுக்கி வழுக்கி.

வியாகுலம் விடிகாலையில் மவுத்பீஸில் ஊதிக்கொண்டிருந்தான். இப்போது ஊருணியைப் பார்த்து உட்கார்ந்தான்.

ஒருநாள் பெரியதனத்தின் சம்சாரம் அழகுநாச்சி படித்துறைக்கு வந்தாள். அவள் வீட்டுக்குக் கேன் வருகிறது. தண்ணீருக்காக அவள் வரவில்லை. குடம் கழுவுகிறவள்போல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைத் திருப்பாமலே சலேத்திடம் பேசினாள். மாடியில் மிளகாய் காயப்போட்டிருக்கிறதாம், தினமும் நனைந்து பூஞ்சை பிடிக்கிறதாம், நாளைக்கு ஒருநாள் அவரை ஊத வேண்டாமென்று சொல்ல வேண்டுமாம். அவரை என்றாள். அந்த மரியாதை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மிளகாய் மூட்டைக்கணக்கில் கிடந்தது.

“எம் பேச்ச அந்த மனுசன் என்னைக்குக் கேட்டிருக்காரு?” என்றாள் சலேத். “நீங்களே வந்து சொல்லுங்கக்கா. வீடு தெரியுமில்ல? மாதா கோயிலு தாண்டி, அடிபம்புக்கு எதுத்தாப்புல.”

அழகுநாச்சிக்கு வீடு தெரியாது. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்தப் பாதையில் அவள் கால் வைத்ததில்லை. வோட்டுக் கேட்கப் புருஷன் போனபோதும் அவள் வாய்க்காலோடு நின்றுகொண்டாள். சமத்துவம் எந்தெந்த வழியில் வரும் என்று அச்சடித்துக் கொடுத்த பிரசுரங்கள் எதிலும் மிளகாய் என்று ஒரு வழி எழுதியிருக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் வந்தாள், தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, காலனி முழுக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க, அடிபம்புக்கு எதிர்த்தாற்போல் வந்து நின்றாள்.

வியாகுலம் எழுந்து நாற்காலியைப் போட்டான். விஷயத்தைக் கேட்டான். நாளைக்கு ஊதாமல் இருப்பதென்ன, விடிந்ததிலிருந்து முழு வாத்தியமாகவே வாசிக்கிறேன், வெயில் பிளக்கும், மிளகாய் ஒரே நாளில் சருகாகும் என்றான். கல்யாணப் பாட்டு வேண்டுமா சாமிப் பாட்டு வேண்டுமா என்றும் கேட்டான். அவள் எது வாசித்தாலும் சரி என்றாள். வந்த வேலை முடிந்துவிட்டது. எழுந்து போக வேண்டியதுதான். அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் தொண்டை வறண்டிருந்தது, இருமினாள்.

சலேத் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அழகுநாச்சி டம்ளரைப் பார்த்தாள். ஊருணித் தண்ணீர்தானே என்றாள். அதேதான் என்றாள் சலேத். திறந்து வைத்த கதவுகளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் வாங்கினாள். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, டம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். பாதி வாய்க்குள்ளும் பாதி கழுத்திலுமாகப் போயிற்று.

வியாகுலம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், தொழில்காரன் பார்க்கிற பார்வை அது. ஓரம் அளவுக்கு மீறி இறுக்கம், நடுவில் துடிப்பே இல்லை. விளிம்பைக் கண்டாலே பின்னால் ஓடுகிற உதடு. புதிதாக மவுத்பீஸைத் தொடுகிற எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், தினமும் காலையில் கொஞ்சம் பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, டம்ளரைக் கையில் வாங்கி வைத்தான்.